பார்கவிக்கும் நாகவல்லிக்கும் எங்கள் ஆட்கள் சொன்ன தீர்ப்பு

பேய்ப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் இப்போது எல்லோரும் கேட்பது, பயமாக இருந்ததா என்பதுதான். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் வளர்ந்த வீட்டில் அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை. செத்துப்போனவளுக்கு ஞாயம் கிடைத்ததா, இல்லையா? அதை வைத்துத்தான் அங்கே படம் நல்ல படமா, கெட்ட படமா என்று முடிவாகும். அப்படிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு படங்களைப் பற்றி அவர்கள் சொன்னதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக மனதில் கிடக்கிறது.

முதல் படம் 'பார்கவி நிலயம்'. 1964-ல் வந்தது. வைக்கம் முகம்மது பஷீர் தன்னுடைய 'நீலவெளிச்சம்' கதையை விரித்துத் தானே திரைக்கதை எழுதிக் கொடுத்தார். மலையாளப் பேய்ப் படங்களுக்கெல்லாம் மூத்தது இதுதான் என்பார்கள். ஓர் எழுத்தாளன், மது நடித்தது, பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டை வாடகைக்கு எடுக்கிறான். அந்த வீட்டுப் பெண் பார்கவி கிணற்றில் குதித்துச் செத்தவள், இன்னும் அங்கேதான் உலவுகிறாள் என்று ஊர் பயமுறுத்துகிறது. அவன் ஓடவில்லை. மந்திரவாதியைக் கூப்பிடவுமில்லை. 'பார்கவிக்குட்டி' என்று பெயர் சொல்லி அழைத்து, தன் பாட்டுக்கு அவளோடு பேசுகிறான். இந்த வீட்டில் இருக்கிறேன், எழுதப் போகிறேன், உன் கதையை எழுதட்டுமா என்கிறான். பேச்சு நடக்க நடக்க, குதித்தவள் அல்ல, தள்ளிவிடப்பட்டவள் என்று தெரியவருகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டுக்காரன் சசிகுமாரை, பிரேம் நஸீர், அவள் விரும்பினாள். முறைக்காரன் நாணுக்குட்டன் அவனுக்கு விஷம் கொடுத்து, இவளைக் கிணற்றில் தள்ளினான். நாணுக்குட்டனாக வந்தவர் பி.ஜே. ஆண்டனி. பின்னாளில் 'நிர்மால்யம்' படத்து வெளிச்சப்பாடாக நடித்து தேசிய விருது வாங்கிய அதே ஆண்டனி.

என் அம்முச்சி இந்தப் படத்தை வெளிவந்த புதிதிலேயே பார்த்தவர். பிறகு எண்பதுகளில் பழைய பிரிண்ட் ஒன்று எங்கள் பக்கத்து ஓலைக்கொட்டகைக்கு வந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் பக்கத்தைப் பிரிக்க இடுப்புயரச் சுவர். ரீல் மாற்றும்போது விளக்கு எரியும், முறுக்குத் தட்டு சுற்றி வரும், அதற்குள் பெண்கள் பக்கம் பஞ்சாயத்து தொடங்கிவிடும். எழுத்தாளன் மாடிப்படியில் நின்று பார்கவியிடம் பேசும்போது என் கால்கள் பெஞ்சுக்கு மேலே ஏறிவிட்டன. அம்முச்சி என் முழங்காலைக் கீழே அழுத்திவிட்டுச் சத்தமாகவே சொன்னார்: "வாடகைக்குக் குடி வர்றவன் ஊட்டுக்காரிகிட்டக் கேட்டுக்கிட்டுத்தானே கண்ணு வரோணும்? இவன் கேட்டான். அதுனாலதான் அவ ஒண்ணும் பண்ணுல."

பஷீரைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் பிறகு படித்தேன். அந்தக் கதையின் சாரத்தை இவ்வளவு நேராகச் சொன்ன வேறொரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் நாணுக்குட்டன் எழுத்தாளனோடு கட்டிப் புரண்டு அதே கிணற்றில் விழுந்து சாகிறான். விழுந்தானா, இழுக்கப்பட்டானா? வீடு திரும்பும் வழியெல்லாம் இதே வழக்குத்தான். செகண்ட் ஷோ விட்டு, தென்னோலைச் சூட்டு கொளுத்திக்கொண்டு, பனைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். பாலக்காட்டுப் பனை என்றாலே யட்சி குடியிருக்கும் பனை. அப்படிப்பட்ட பாதையில் நடந்துகொண்டே, பார்கவி கை வைத்தாளா இல்லையா என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். எங்களோடு வந்த தமிழ் வாத்தியார், கால் இடறி விழுந்தான் என்றார். அம்முச்சி நின்றேவிட்டார். "ஏனுங்க வாத்தியாரே, அத்தன பெரிய முற்றத்துல கெணத்துக்கிட்டத்தான் இடறுமாக்கும்?" வாத்தியாரிடம் பதில் இல்லை.

அந்த வாத்தியார்தான் எனக்கு இன்னொன்றைச் சொன்னவர். பார்கவி நிலயத்தை இயக்கிய ஏ. வின்சென்ட் தமிழர்களுக்கு அந்நியர் அல்ல. ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஆகியவற்றுக்கு ஒளிப்பதிவு அவர்தான். அதே 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'க்கும் அவரே. பாலையாவை நாற்காலியில் உட்கார வைத்து நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி இருக்கிறதே, அதைப் படம் பிடித்த கண்தான் சில மாதங்களில் பார்கவியின் வீட்டையும் பார்த்தது. வின்சென்ட் தானே இயக்கிய முதல் படம் இது. எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டையும் பார்த்தவர்கள். கோயம்புத்தூரில் ஓடும் தமிழ்ப் படமும் பாலக்காட்டில் ஓடும் மலையாளப் படமும் அவர்களுக்கு ஒரே தூரம். எங்கள் சித்தூர் வட்டம் பழைய கொச்சி ராஜ்ஜியத்தோடு இருந்து 1956-ல் கேரளத்தோடு நின்றது. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம், சினிமாவில் இரண்டும்.

பார்கவியாக நடித்த விஜய நிர்மலா 1968-ல் 'பணமா பாசமா'வில் எலந்தப் பழம் விற்றுக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் கலக்கிய பிறகு பார்கவி நிலயம் மறுபடி வந்தால் என்ன ஆகும்? வெள்ளைச் சேலையில் பேய் வந்து நின்றதும் ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. அம்முச்சிக்கு அது கடைசிவரை ஆறவில்லை. செத்துப்போன பிள்ளையைப் பார்த்து விசிலடிக்கிறவன் மனுசனா என்று பல வருஷம் கழித்தும் கேட்பார். விஜய நிர்மலா நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை இயக்கி கின்னஸில் இடம்பெற்ற செய்தி வந்தபோது அம்முச்சி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இரண்டாவது படம் எனக்கு இடுக்கியில் கிடைத்தது. அப்பா வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பள்ளி விடுமுறை என்றால் நான் அங்கேதான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கத்து ஆட்கள். மாரியம்மன் சாட்டு முடிந்த இரவில் கம்பத்திலிருந்து டெக்கும் கலர் டிவியும் ஜீப்பில் வாடகைக்கு வரும். ஸ்டோருக்கு முன்னால், ஏலக்காய் காய்ந்த வாசனைக்கு நடுவே, சாக்கு விரித்து விடிய விடிய மூன்று படம். கேசட்டில் கோடு விழுந்தால் டெக்குக்காரப் பையன் மூடியைத் திறந்து, ரூபாய்த் தாளை மடித்து ஹெட்டைத் துடைப்பான். அதுவரை பேச்சு.

'மணிச்சித்திரத்தாழ்' 1993-ல் வந்தது. கட்டப்பனைக்கு வந்தபோது ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பிறகு ஒவ்வொரு சாட்டுக்கும் டெக்கில் அதுவே. ஃபாசில் இயக்கம், மது முட்டம் கதை, ஷோபனாவுக்கு தேசிய விருது. எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். எங்கள் லயத்துக்கு அந்தப் படம் வேறு விதமாக நெருங்கியது. மாடம்பள்ளிக் காரணவர் சங்கரன் தம்பி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த ஆட்டக்காரி நாகவல்லி. அவள் காதலித்தது எதிர் வீட்டு ராமநாதனை. காரணவர் அவளைக் கொன்றது துர்க்காஷ்டமி அன்று. அவள் கங்கா என்ற பெண்ணுக்குள் வந்து பேசும்போது தமிழில் பேசுகிறாள். கேரளம் முழுக்க அந்தத் தமிழைக் கேட்டு நடுங்கியது. லயத்தில் மட்டும் யாரும் நடுங்கவில்லை. மலையாளப் படத்துக்குள் முதன்முதலாக நம் வீட்டுப் பெண் ஒருத்தி வாய் திறந்து கோபப்படுகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாகவல்லியின் அந்தத் தமிழ்க் குரல் துர்கா என்ற டப்பிங் கலைஞருடையது. அதை ஃபாசில் வெளியில் சொன்னது பல வருஷங்களுக்குப் பிறகுதான்.

படத்தின் முடிவு தெரியும். மனநோய் என்கிறார் டாக்டர் சன்னி. பூஜை போட்டு, திலகன் நடித்த நம்பூதிரி நாகவல்லியிடம் என்ன வேண்டும் என்று கேட்க, அவள் காரணவரின் உயிரைக் கேட்கிறாள். பலகையைச் சுழற்றி, ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து, அவளை வெட்ட விடுகிறார்கள். கங்கா குணமாகிறாள். தியேட்டரில் கைதட்டல். எங்கள் ஜீப் ஏலக்காட்டுக்குள் ஏறும்வரை பெண்கள் யாரும் பேசவில்லை. பிறகு, களையெடுப்புக்கு மூப்பாக இருந்த அக்கா ஒருவர் சொன்னார்: "பொம்மையக் குடுத்து ஏமாத்திப்புட்டாய்ங்களே தம்பி. அவ போகலை. அங்கனதான் இருப்பா."

இது வெறும் சினிமாப் பேச்சு அல்ல. அவர்களுக்குக் கோடாங்கி தெரியும். லயத்தில் ஒரு பெண் தலையை விரித்து ஆடினால் கோடாங்கி வருவார். உடுக்கை மெதுவாகத் தொடங்கும். முதலில் மிரட்ட மாட்டார். யாரு தாயி நீ, எந்த ஊரு, என்ன குறை என்று கேட்பார். ஆடுகிறவள் வாயிலிருந்து ஒரு பெயர் வரும். பிள்ளைப்பேற்றில் செத்தவள், மருந்து குடித்தவள், கயிறு போட்டவள். என்ன வேணும்? சேலை வேணும், கண்ணாடி வளையல் வேணும், கருவாட்டுக் குழம்பு வேணும். உயிரோடு இருந்தபோது கேட்டுக் கிடைக்காதவை. அதைக் கொண்டுவந்து வைத்து, இனி இந்தப் பிள்ளையைத் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கி, உச்சி மயிரில் ஒரு பிடி எடுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து முடிப்பார். கேட்டதில் குறை வைத்தால் திரும்பி வருவாள் என்பது அங்கே சட்டம். ஆடுகிற பெண்ணை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம், அன்றும் இன்றும். ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்க அந்த மலையில் வேறு யாரும் இருக்கவில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அந்த அக்காவின் கணக்கில் பார்கவி நிலயம் நேர்மையான படம், மணிச்சித்திரத்தாழ் நேர்மையில்லாத படம். பழைய படத்தை டெக்கில் அவருக்குப் போட்டுக் காட்டியது நான்தான். கொன்றவன் கிணற்றுக்குள் போனதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது ஞாயம்" என்றார். இரண்டு படத்திலும் குதிரவட்டம் பப்பு இருக்கிறார் என்று அவரே கண்டுபிடித்தார். குதிரவட்டம் என்ற பெயரே பப்புவுக்குப் பார்கவி நிலயத்துப் பாத்திரத்தால் வந்தது. மணிச்சித்திரத்தாழில் காட்டுப்பறம்பனாகப் பயந்து குதிப்பவரும் அவரே. "முப்பது வருசமாப் பேயைக் கண்டு ஓடுறான் பாவி" என்று அக்கா சிரித்தது இப்போதும் கேட்கிறது.

2005-ல் அதே கதை தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தபோது அக்கா கம்பத்துக்கு இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டக்காரி இப்போது தெலுங்கு பேசினாள். எல்லோரும் ரஜினியையும் ஜோதிகாவையும் பேச, அவர் சொன்னது: "இங்க நம்ம பொண்ணு, அங்க தெலுங்குப் பொண்ணு. ஊருவிட்டு ஊரு கூட்டிட்டு வந்தவளைத்தான் கொல்லுவாய்ங்க. கேக்க நாதியில்லைல்ல." மலையேறி வந்து மலையிலேயே ஆயுசைக் கழித்தவர் சொன்னது அது. சந்திரமுகியைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

இடையில் வேறு படங்களும் வந்தன. 1999-ல் வினயனின் 'ஆகாச கங்கை', எங்கள் பாலக்காட்டு வெள்ளிநேழியில் ஒளப்பமண்ண மனையில் எடுத்தது. சத்தம் அதிகம். 2004-ல் மம்மூட்டி நடித்த 'அபரிசிதன்', ஓஜோ போர்டில் ஆவியை அழைக்கும் பெண்களின் கதை. அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காசை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2023-ல் 'ரோமாஞ்சம்' வந்து கேரம் போர்டையே ஆவி அழைக்கும் பலகையாக்கிச் சிரிக்க வைத்தது. சிரித்தேன். ஆனால் அழைத்தவர்கள் யாரும், வந்தவளிடம் உனக்கு என்ன குறை என்று மனசாரக் கேட்கவில்லை என்பதும் உறுத்தியது.

அதே 2023-ல் ஆஷிக் அபு 'நீலவெளிச்சம்' என்ற பெயரில் பார்கவியின் கதையை மறுபடி எடுத்தார். டொவினோ தாமஸ் எழுத்தாளர், ரீமா கல்லிங்கல் பார்கவி. பழைய படத்துக்கு பாபுராஜ் இசையமைத்த பாட்டுகளையே புதிதாகப் பாடவைத்திருந்தார்கள். வண்ணப்படம் என்பதால் நீல வெளிச்சம் நீலமாகவே வந்தது. அழகாக எடுக்கப்பட்ட படம். கறுப்பு வெள்ளையில் வின்சென்ட் காட்டிய கிணற்றடிதான் எனக்குப் பெரிது. அதில் என் பிடிவாதம் கொஞ்சம் இருக்கலாம், மாற்றிக்கொள்ள மாட்டேன். புதிய படத்தை நான் தனியாக ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். கிணற்றுக் காட்சி முடிந்தபோது வழக்காட ஆளில்லை. கொழிஞ்சாம்பாறைக் கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். லயத்தில் வீட்டுக்கொரு டிவி, ஆளுக்கொரு போன். களையெடுக்க வருகிறவர்கள் கம்பத்திலிருந்து காலை ஜீப்பில் ஏறி, சாயங்கால ஜீப்பில் இறங்கிவிடுகிறார்கள். அந்த அக்கா இப்போது இல்லை. தமிழ் வாத்தியாரும் இல்லை.

'பார்கவி நிலயம்' இன்றும் தேடினால் கிடைக்கிறது. புதியதைப் பார்க்குமுன் பழையதைப் பாருங்கள். வீட்டில் எண்பதைத் தொட்ட ஆள் ஒருவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் பாதிப் படத்தில் சத்தமாகப் பேசுவார். பேசட்டும், சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.