சாயத்தண்ணி

விடைத்தாள் திருத்தும் நாட்களில் என் சிவப்பு மை அதிகம் செலவாவது ஒரு சொல்லுக்காகத்தான். தேயிலை நீர் என்பது தேநீர். 'தேனீர்' என்றால் தேன் கலந்த நீர். இதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதிக் காட்டினாலும் அடுத்த ஆண்டும் 'தேனீர்' வந்து சேர்ந்துவிடும். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள கடைப்பலகைகள் பலவற்றிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. (சர்க்கரையை அவர்கள் அள்ளிப் போடும் அழகைப் பார்த்தால் 'தேனீர்' தான் சரியோ என்றும் தோன்றும்.)

உலக மொழிகளில் இந்தப் பானத்துக்கு இரண்டு பெயர்க் குடும்பங்கள் உண்டு. சீனத்தின் தென்கிழக்குக் கரையில் ஹொக்கியன் பேசுவோர் 'தே' என்றார்கள். டச்சு வணிகர்கள் வழியாக அது ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குப் பரவியது. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கிய 'சா', தரைவழியாகப் பாரசீகம் சென்று 'சாய்' ஆயிற்று. தமிழில் இரண்டும் இருக்கின்றன. தேயிலை ஒன்று, குமரி மாவட்டத்திலும் பல இஸ்லாமிய இல்லங்களிலும் வழங்கும் சாயா மற்றொன்று. எங்கள் வீட்டில் வழங்கியது இவை எதுவுமல்ல, சாயத்தண்ணி. இலங்கை மலையகத்துச் சொல். வடித்தெடுத்த கறுப்புச் சாறு 'சாயம்'. பால் சேர்க்காமல் குடித்தால் சாயத்தண்ணி. பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வந்த பிறகுதான் இந்தச் சொல் பிறருக்கு விளங்காது என்பது எனக்கு விளங்கிற்று.

வெள்ளை, பச்சை, ஊலாங், கறுப்பு என்று இன்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தேயிலை அனைத்தும் கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலைகள் என்பதைப் பலர் நம்புவதில்லை. வேறுபாடு செடியில் இல்லை. பறித்த பின் இலைக்கு என்ன நேர்கிறது என்பதில் இருக்கிறது. கொழுந்தை வாட்டி உருட்டும்போது அதன் செல்கள் உடைகின்றன. உள்ளிருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றோடு கலந்து வேலையைத் தொடங்குகிறது. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே காரியத்தால்தான். பறித்தவுடன் ஜப்பானியர் ஆவியில் காட்டியும், சீனர் பெரும்பாலும் சட்டியில் வறுத்தும் அந்த நொதியை அடக்கிவிடுகிறார்கள். அது பச்சைத் தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலாங். முழுவதும் விட்டால் கறுப்புத் தேயிலை. அரும்பை மட்டுமோ, அரும்போடு ஓரிரு இளந்தளிரையோ அதிகம் தொடாமல் உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை.

இந்த வரிசையில் பெருமையாகச் சொல்லப்படாத ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் ஓர் இயந்திரம் வந்தது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு குருணையாக்கும் சி.டி.சி. முறை. சீக்கிரம் சாயம் இறங்கும், பாலைத் தாங்கும், ஒரு கிலோவில் நிறையக் குவளை காணும். நம் டீக்கடை, அதன் பாய்லர், வடிகட்டித் துணி, ஓர் ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றும் கை எல்லாம் இந்தத் தூளை நம்பித்தான் நிற்கின்றன. தேநீர்ச் சுவைஞர்கள் தூளைப் பழிப்பதை நான் ஏற்பதில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளர் பானமாகவும் ஆன கதையை விரிவாக எழுதியிருக்கிறார். அதே டீக்கடையில் பல ஊர்களில் இரண்டு வகைக் குவளைகள் இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பெஞ்சில் நாளிதழைப் பிரித்து எல்லோரும் அரசியல் பேசிய இடம் என்று டீக்கடையைப் புகழ்ந்து எழுதுவோர், அந்தப் பெஞ்சில் யாரெல்லாம் உட்கார முடிந்தது என்று எழுதுவது குறைவு.

என் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளில் கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் வந்து மறுபடியும் கொழுந்துதான் பறித்தார். இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்று நாள் முழுக்கக் கிள்ளிய கைக்கு வீட்டில் கிடைத்தது தூள். பால் விலைக்குக் கட்டுப்படாது. காலையில் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. மதியம் சோற்றுக்குப் பின் சாயத்தண்ணி. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் படியேறினாலே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சோதித்ததில் ஹீமோகுளோபின் 8. மருத்துவர் வேறு காரணங்களையெல்லாம் பார்த்துவிட்டு, சாப்பாட்டோடு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். தேயிலையின் பாலிஃபீனால்கள் கீரை, பருப்பு, கேழ்வரகு முதலியவற்றில் உள்ள இரும்புச்சத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்கின்றன. உடல் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது. இறைச்சியிலிருந்து வரும் இரும்புக்கு இந்தத் தடை குறைவு. பழைய காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து மை கூட்டினார்கள் அல்லவா? துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் அதே வேதியியல்தான் இதுவும். சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினாலும் இதே கதை. லயத்துப் பெண்களின் சாப்பாட்டில் இறைச்சி அரிது, தேநீர் மூன்று வேளையும் உண்டு. இதை நினைத்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா மருத்துவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "சோத்துக்கு மேல ஒரு வாய் சாயத்தண்ணி இல்லாட்டி தின்ன மாதிரியே இருக்காதுடா" என்றார். கடைசியில் உடன்படிக்கை ஏற்பட்டது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம்; சோற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ, ஏனெனில் வைட்டமின் சி இரும்பை உடலில் ஏற்ற உதவும். அவர் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து அந்த ஒரு மணி நேரத்தைக் கழிப்பார். மாத்திரையும் சேர்ந்து, ஆறு மாதத்தில் அளவு பத்தைத் தாண்டியது.

அதன் பிறகுதான் தேநீரின் நன்மைகள் என்று எழுதப்படுவனவற்றைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன். பிரிட்டனில் சுமார் ஐந்து லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வொன்று, நாளுக்கு இரண்டு குவளையோ அதற்கு மேலோ குடிப்பவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 விழுக்காடு வரை குறைவு என்றது. அவர்களில் பெரும்பாலோர் குடித்தது கறுப்புத் தேநீர்தான். பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் முடிவு மாறவில்லை. 2007இல் பெர்லினில் பதினாறு பெண்களிடம் நடந்த சிறிய ஆய்வு, இரத்தக் குழாய்களுக்குத் தேநீர் தரும் நன்மையைப் பால் இல்லாமலாக்குகிறது என்றிருந்தது. பதினாறு பேரை வைத்து நம் டீக்கடைகளை மூட வேண்டியதில்லை. ஐந்து லட்சம் பேரை வைத்துத் தேநீரை மருந்தென்று கூவவும் வேண்டியதில்லை. அது வாழ்க்கைமுறைகளைக் கவனித்துச் சொன்ன முடிவு, மருந்து கொடுத்துச் சோதித்ததன்று. பச்சைத் தேயிலைச் சாற்றை மாத்திரையாக்கி உடல் மெலிய விழுங்குவதோ வேறு வகை: அதன் முக்கியச் சேர்மமான ஈ.ஜி.சி.ஜி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாகச் சென்றால் கல்லீரலுக்குக் கேடு நேரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் வீரமன்று. 65 பாகைக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்ற பட்டியலில் 2016இல் சேர்த்திருக்கிறார்கள். நம் ஆட்கள் கிளாஸுக்கும் தம்ளருக்குமாக ஆற்றிக் கொடுப்பது வெறும் வித்தையல்ல.

என் நாளில் இப்போது மூன்று தேநீர்கள். காலையில் கடையில் பால் டீ, சர்க்கரை அரைக்கரண்டி. (கடைக்காரர் அதைச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டி, கேட்காமலே பிஸ்கட்டையும் நிறுத்திவிட்டார்.) முற்பகலில் பாடவேளை இல்லாத நேரத்தில் பச்சைத் தேநீர். கொதிநீரை ஊற்றினால் கசக்கும். கொதித்த நீரை எண்பது பாகை அளவுக்கு ஆறவிட்டு, இரண்டு நிமிடத்தில் இலையை எடுத்துவிட வேண்டும். தேயிலையில் தியானின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. 1949இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள். காப்பி தரும் படபடப்பில்லாத விழிப்புக்கு அதுவும் காரணம் என்கிறார்கள். தொகைநூல் உரை படிக்க எனக்கு அந்த விழிப்புப் போதும். மாலையில் நீலகிரியின் குளிர்காலத் தேயிலை, டிசம்பர், ஜனவரியில் பறித்தது, பாலில்லாமல். அதன் மணத்தை எழுத முயன்று பலமுறை அடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் சுலைமானி: எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயா. செம்பருத்தித் தேநீர் என்று விற்பது புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழ். நம் தோட்டத்துச் செம்பருத்தி வேறு.

போன மாதம் நண்பரொருவர் வெள்ளைத் தேயிலை ஒரு சிறு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடிக் குவளையில் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயமே எறங்கலையே" என்றார். பிறகு அடியில் கிடந்த அரும்புகளைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். எல்லாம் ஒரே அளவு, வெள்ளிப் பூனைமயிரோடு.

"வெறும் மொட்டா கிள்ளியிருக்காளுக. ஒரு கிலோ சேர எத்தன ஆயிரம் கிள்ளணும்... என்ன கூலி குடுத்தாங்களாம்?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீரின் வெப்பம், ஊறும் நிமிடம், தோட்டத்தின் உயரம் எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். அம்மா அரும்புகளை மறுபடியும் குவளையில் போட்டு, "இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து, இன்னொரு தரம் எறங்கும்" என்று நீட்டினார்.