பச்சை இருக்கையில் என் பெண்

"அம்மா, என் நீலக் கோட்டை எங்கே வெச்சே?"

இன்னும் இருட்டு விலகாத காலை ஆறு மணி. 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. கிழக்கு லண்டனில் எங்கள் சின்ன வீட்டில் அன்று கல்யாண வீட்டுப் பரபரப்பு! பதினாறு வயது நிரம்பிய என் மூத்த பெண், ஒரு கையில் இட்லியும் இன்னொரு கையில் மடித்த காகிதமுமாக அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் காட்டேன்" என்றேன்.

"அங்கே பேசும்போது கேட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் பேசப் போன இடம் எது தெரியுமா, சகோதரிகளே? பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்கள் சபை!

அது என்ன சபை?

பிரிட்டனில் 'இளைஞர் பாராளுமன்றம்' என்று ஒன்று உண்டு. 11 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள் அதன் உறுப்பினர்கள். அப்போதெல்லாம் ஆண்டுதோறும் நாடு முழுக்கப் பிள்ளைகளிடம் ஓட்டுச் சீட்டு கொடுத்து, "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்பார்கள். 2018-ல் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். அதிகமான ஓட்டு வாங்கிய ஐந்து விஷயங்களை உறுப்பினர்கள் மக்கள் சபையிலேயே உட்கார்ந்து விவாதிப்பார்கள். சபாநாயகரே தலைமை வகிப்பார்.

இது சுலபமாகக் கிடைத்த உரிமை அல்ல. எம்.பி.க்களைத் தவிர வேறு யாரும் அந்த இருக்கைகளில் அமர்ந்து விவாதித்ததே இல்லை. பிள்ளைகளை விடலாமா என்று கேட்டபோது சில எம்.பி.க்கள் ஆட்சேபித்தார்கள். சபையில் ஓட்டெடுப்பு நடத்தித்தான் அனுமதி கொடுத்தார்கள். 2009 அக்டோபர் 30-ஆம் தேதி முதன் முதலாகப் பிள்ளைகள் உள்ளே போய் அமர்ந்தார்கள்.

என் பெண் இந்தத் தேர்தலுக்கு நின்றபோது எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு போல அங்கே ஜி.சி.எஸ்.இ. என்று ஒரு பரீட்சை. அந்த வருஷம் பார்த்தா தேர்தல், பேச்சு என்று அலைவது? "படிப்பைப் பாரு, ஊர் வேலை அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தேம்ஸ் நதிக்கரையில்

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினால் வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கலாம். மாறி ஏற வேண்டியதில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேலே மணிக்கூண்டு. அன்று அதைச் சுற்றிப் பழுது பார்க்கச் சாரம் கட்டியிருந்தார்கள். வாசலில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கொண்டவள், திரும்பி ஒரு தடவை கையை ஆட்டினாள். அழைப்பு அவளுக்குத்தான், எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டு வந்தபோது பிசைந்த அதே வயிறு இன்றும் பிசைந்தது.

அந்தச் சபையை ஏற்கெனவே ஒரு சனிக்கிழமை சுற்றிப் பார்த்திருக்கிறேன். டி.வி.யில் பெரிதாகத் தெரிகிறதே தவிர, நேரில் சின்னதுதான். 650 எம்.பி.க்களுக்கு 427 பேர் உட்காரத்தான் இடம்! பழைய சபையை 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுகள் அழித்துவிட்டன. திரும்பக் கட்டி 1950-ல் திறந்தபோது பல நாடுகள் சீர் அனுப்பின. சபாநாயகரின் நாற்காலி ஆஸ்திரேலியா கொடுத்தது. நடுவிலுள்ள மேஜை கனடா கொடுத்தது. சபையின் கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் கொடுத்தவை. சபைக் காவலரின் நாற்காலி இலங்கை கொடுத்தது. "நம்ம ஊர்க் கதவு!" என்று தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

கால் வலிக்கிறதே என்று பச்சை இருக்கையில் உட்காரப் போனேன். "சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உட்காரக் கூடாது, அம்மா" என்று காவலர் மரியாதையாகத் தடுத்தார். என்னை உட்கார விடாத அந்த இருக்கையில்தான் என் பெண் உட்காரப் போகிறாள்!

இன்னொன்றும் பார்த்தேன். முன்காலத்தில் பெண்கள் சபையை வேடிக்கை பார்க்க உயரத்தில் ஒரு மாடம் இருந்தது. அதற்கு முன்னால் கனத்த உலோகக் கிராதி. பெண்கள் கண்ணில் பட்டால் உறுப்பினர்களின் கவனம் சிதறுமாம்! 1908-ல் ஓட்டுரிமை கேட்ட இரண்டு பெண்கள் அந்தக் கிராதியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். பூட்டைத் திறக்க முடியாமல் கிராதியோடு சேர்த்தே பெயர்த்து எடுத்து அவர்களை வெளியே கொண்டு போனார்களாம். 1917-ல் கிராதிகளை அகற்றினார்கள். 1918-ல் முப்பது வயதான பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஓட்டு கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. என் பெண் உள்ளே போன ஆண்டு அந்த முதல் ஓட்டின் நூற்றாண்டு. எதிரே உள்ள சதுக்கத்தில், ஓட்டுரிமைக்குப் பாடுபட்ட மில்லிசென்ட் ஃபாசெட் அம்மையாருக்கு அந்த ஏப்ரலில்தான் சிலை வைத்திருந்தார்கள். அந்தச் சதுக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த முதல் சிலை அது. அதே சதுக்கத்தில் நம் காந்தித் தாத்தாவும் 2015 முதல் நிற்கிறார். இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குளிர் தாங்காமல் எதிரிலிருந்த மெத்தடிஸ்ட் சென்ட்ரல் ஹாலுக்குள் நுழைந்தேன். ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 1946-ல் முதன் முதலாகக் கூடிய கட்டடம் அது. அதன் சிற்றுண்டிச் சாலையில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு, செல்போனில் நேரடி ஒளிபரப்பைப் போட்டேன்.

எழுந்தாள், உட்கார்ந்தாள்

சபாநாயகர் ஜான் பெர்கோ வந்து அமர்ந்தார். அடேயப்பா, அந்தப் பிள்ளைகள் பேசிய அழகு! ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உச்சரிப்பு. கத்திக் குத்து, மனநலம், வீடில்லாதவர்கள், சம வேலைக்குச் சம ஊதியம், பதினாறு வயதில் ஓட்டுரிமை ஆகியவைதான் அன்றைய ஐந்து விஷயங்கள்.

அங்கே ஒருவர் பேசி முடித்ததும், பேச விரும்புகிறவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சபாநாயகர் யாரைப் பார்த்துக் கூப்பிடுகிறாரோ அவர் பேசலாம். மற்றவர்கள் உட்கார வேண்டும்.

மனநலம் பற்றிய விவாதம் வந்தது. மூன்றாவது வரிசையில் நீலக் கோட்டு. என் பெண் எழுந்தாள், வேறு ஒரு பையனைக் கூப்பிட்டார், உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், உட்கார்ந்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு, எட்டு, ஒன்பது... "கூப்பிடுங்களேன் ஐயா, எத்தனை நேரம் நிற்பாள்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக் கிழவி திரும்பிப் பார்த்தாள். டீ ஆறிப் போயிருந்தது.

அவளைக் கூப்பிடவே இல்லை. முந்நூறு பிள்ளைகள் அளவில் இருக்கும் சபையில் எத்தனை பேரைக் கூப்பிட முடியும்?

கடைசியில் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு, கத்திக் குத்துக்கு முடிவு கட்டுவதையே அடுத்த ஆண்டின் முக்கியப் பிரசாரமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் காகிதம்

அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அம்மா, பர்மிங்காம் பையன் ஒருத்தன் நான் எழுதினதை அப்படியே பேசிட்டான்ம்மா! யார் சொன்னா என்ன, சபையிலே பதிவாயிடுச்சு" என்றாள். திரும்புகிற ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பையிலிருந்து காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்:

'பரீட்சைக்கு முன்பு மூன்று மாதம் எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. நெஞ்சு படபடக்கும். வீட்டில் சொன்னேன். பாலைக் குடித்துவிட்டுப் படு, சரியாகிவிடும் என்றார்கள். அவர்களுக்கு என்மேல் அன்பு இல்லாமல் இல்லை, அவர்களுக்குத் தெரியவில்லை. பள்ளியில் ஓர் ஆசிரியை, "நீ நன்றாகத் தூங்குகிறாயா?" என்று கேட்டார். அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன். அப்படிக் கேட்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் வேண்டும்.'

பாலைக் குடித்துவிட்டுப் படு என்று சொன்னது நான்தான்.

எத்தனை நிலையங்கள் கடந்தன என்று எனக்குத் தெரியாது. தேர்தலில் நின்றதால்தான் முகம் வாடியிருக்கிறது என்று அவளையே குறை சொல்லியிருக்கிறேன். ஒரு தேசத்தின் சபையில் சொல்லத் துணிந்ததை, என் சமையலறையில் அவள் இரண்டாம் முறை சொல்லாமல் போனாளே! ஒரு தடவை சொன்னபோது நான் காது கொடுத்திருந்தால்?

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். சாப்பாட்டு வேளையில், "அந்தக் காகிதத்தைப் படிச்சேன், கண்ணு" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ வாசி. நான் குறுக்கே பேசலை" என்றேன். எழுந்து நின்று வாசித்தாள். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. அப்புறம் நாங்கள் பேசி முடிக்க இரவு பன்னிரண்டு மணி ஆயிற்று.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு நிமிஷம். சின்னவன் உட்பட யார் பேசினாலும் மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. உடனே புத்தி சொல்லவும் கூடாது. முதலில் கிரிக்கெட்டும் வீட்டுப்பாடமும்தான் வந்தன. போகப் போக மனசில் இருப்பதும் வந்தது.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். தூக்கமின்மை, பசியின்மை, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். குழந்தை தன்னையே வருத்திக்கொள்வது போலப் பேசினால் ஒரு நாள் கூடத் தாமதிக்க வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவியை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

லண்டன் வருகிறவர்கள், சபை கூடும் நாளில் பார்வையாளர் மாடத்திலிருந்து விவாதத்தை இலவசமாகவே பார்க்கலாம். 2024 ஜூலையில் கிழக்கு லண்டனிலிருந்து இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் எம்.பி.யாகி அந்தச் சபைக்குள் போனார். அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்துவிட்டு என் பெண் சிரித்தாள்.

"இவங்களைக் கூப்பிட்டாங்கம்மா!" என்றாள்.