ஒப்பணக்கார வீதியில் இரண்டு அஸர்

காயல்பட்டினத்தில் பிறந்தவனுக்குப் பள்ளிவாசல் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்தே நினைவுக்கு வரும். எங்கள் கரைக்கு மார்க்கம் கப்பலேறி வந்தது. கோயம்புத்தூரிலோ, ஒப்பணக்கார வீதியின் ஜவுளிக்கடைப் பலகைகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கின்றன அத்தர் ஜமாஅத் பள்ளியின் மினாராக்கள். பெயரே சொல்கிறது: கட்டியவர்கள் அத்தர் வியாபாரிகள். 1904-இல் திறந்தது என்கிறார்கள்.

நாலு மணிக்கே அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் போய் உட்கார்ந்தேன். பாங்கு வரவில்லை. நாங்கள் பின்பற்றும் ஷாஃபி சட்டப்பிரிவின் வழக்கப்படி, உச்சிநேர நிழலைக் கழித்துவிட்டு, பொருளின் நிழல் அதன் நீளத்தைத் தாண்டினால் அஸர். இது ஹனஃபி பிரிவுப் பள்ளி; நிழல் இரு மடங்காக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

வெளியே வந்து ஓர் அத்தர்க் கடையில் நின்றேன். பெரியவர் குப்பியிலிருந்து கண்ணாடிக் குச்சியை எடுத்து என் புறங்கையில் மெல்ல இழுத்தார். மல்லிகை.

"எந்த ஊருங்க தம்பி?"

"காயலுங்க."

"அட, ஷாஃபியா! கோட்டைமேட்டுப் பக்கம் ஷாஃபி பள்ளிக்குப் போயிருந்தா இந்நேரம் தொழுதே முடிச்சிருக்கலாமுங்க."

மறுநாள் கோட்டைமேட்டுக்கும் போனேன். 1791-இல் முற்றுகையில் சிக்கிய ஆங்கிலேயக் கும்பினிப் படை திப்புவின் படையிடம் சரணடைந்த கோட்டை இங்கேதான் இருந்தது. இன்று சுவர் இல்லை, சந்துகள்தான். ஒரே டீக்கடையில் மைசூர் வழி வந்த தக்னி உருது, பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த மலையாளம், ராவுத்தர் வீட்டுத் தமிழ் மூன்றும் காதில் விழுந்தன. என் ஊரில் ஒரு கடல் செய்த வேலையை இங்கே பல சாலைகள் செய்திருக்கின்றன. அதனால்தான் நடக்கிற தூரத்தில் இரண்டு அஸர். அதற்காக யாரும் சண்டை பிடிப்பதாகத் தெரியவில்லை.

1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களைப் பறிகொடுத்த ஊர் கோயம்புத்தூர். அந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் குரல்கள் தாழ்கின்றன. ஆனால் மாசியில் கோனியம்மன் தேர் வருகிறபோது, ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல் முன் நின்று பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பவர்கள் அத்தர் ஜமாஅத்தார். அத்தர்க் கடைப் பெரியவரிடம் அதைப் பாராட்டிச் சொன்னேன். அவருக்கு அதில் பாராட்ட என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

"மாசி வெயிலுங்க தம்பி. அவங்க வெறுங்காலோட நடந்து வர்றாங்க."