ஒரு மினிட் ப்ளீஸ்!

"ஒரு மினிட் இரு, வந்துடறேன்!" இப்படிச் சொல்பவர் யாரும் அறுபது விநாடியை எண்ணிக்கொண்டு சொல்வதில்லை. 'கொஞ்சம் பொறு' என்பதுதான் அதன் பொருள்.

உண்மையில் இந்தச் சொல் பிறந்தது சிறுமையைக் குறிக்கத்தான். இலத்தீனில் 'மினுட்டா' என்றால் சிறியது. ஒன்றை அறுபதாகப் பிரித்தால் வருவது முதல் சிறு பகுதி, அதாவது மினிட். அதையும் அறுபதாகப் பிரித்தால் இரண்டாம் சிறு பகுதி. 'இரண்டாவது' என்று பொருள்படும் செகண்ட் நேரத்துக்குப் பெயரானது இப்படித்தான்!

கோணத்திலும் மினிட் உண்டு. ஒரு பாகையில் அறுபது மினிட். மாலுமி அட்சரேகையில் ஒரு மினிட் தவறினால், கப்பல் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தள்ளிப் போய்விடும். அதே எழுத்துகளை 'மைன்யூட்' என்று உச்சரித்தால் 'மிக நுண்ணிய' என்று பொருள். கூட்டக் குறிப்புகளுக்குப் பெயர் மினிட்ஸ்.

அலுவலகக் குறிப்பும் ஒரு மினிட்தான். 1835 பிப்ரவரி 2-ல் மெக்காலே இந்தியக் கல்வி பற்றி எழுதியதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு நிமிடத்தில் படித்து முடிக்க முடியாத நீளம் அது. அடுத்த மாதமே பென்டிங்க் பிரபுவின் அரசு, கல்விக்கான பணத்தை ஆங்கிலக் கல்விக்குச் செலவிட ஆணையிட்டது.

நம் வாயில் 'நிமிடம்' போய் 'மினிட்' வந்து உட்கார்ந்ததில், அந்த ஒரு மினிட்டுக்கும் பங்கு உண்டு.

சிறியது என்றுதான் பெயர். ஆனால் சில மினிட்கள் முடிவதே இல்லை!