சந்தா முந்நூறு ரூபாய்தான்!

போன வாரம் ஒரு போன். ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில், பக்கத்து வீட்டுப் பெண். நாமக்கல்லில் பி.காம். முதல் வருஷம்.

"மாமா, காலேஜ்ல பொண்ணுங்க கிளப் ஒண்ணு இருக்குதுங்க. சேரட்டுமுங்களா?"

"சேர வேண்டியதுதானே கண்ணு?"

"சந்தா முந்நூறு ரூவாய்ங்க."

முந்நூறு ரூபாய்க்கா இத்தனை யோசனை என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் அவள் அப்பா முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அவள் கையில் புழங்குவது, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்காக 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் மட்டும்தான்.

நானும் பி.காம். ஆயிற்றே! "பேப்பரை எடு, சீனியர்கிட்ட விசாரிச்சு எல்லாத்தையும் எழுது" என்றேன். மறுநாள் வாசித்தாள். சந்தா 300. டி-ஷர்ட் 350. ஆண்டு விழாவுக்கு ஒரே மாதிரி சேலை 900, ஜாக்கெட் தையல் கூலி 400. ஏற்காடு டூர் 700. மற்றவர்கள் பிறந்தநாளுக்குப் பங்கு 550. இவள் பிறந்தநாளுக்கு ட்ரீட் 800. கூட்டிப் பாருங்கள், நாலாயிரம்! வருஷம் முழுக்க வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அமெரிக்கக் கல்லூரிகளில் 'சொராரிட்டி' என்று பெண்களுக்கான சங்கங்கள் இருக்கின்றன. கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கம் 1870-லேயே தொடங்கியது. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில், ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருக்கச் சேர்ந்தார்கள். இன்று அங்கே சந்தாவே பெரிய தொகை. அதற்கு மேல் விருந்து, உடை என்று தனிச் செலவு. ஆனால் ஒரு நல்ல விஷயம், பல பல்கலைக்கழகங்களில் தோராயமான செலவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் சந்தாவை மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொள்வோம். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை.

1999. சேலத்தில் நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பே ஏற்காடு போவதாகத் திட்டம். தலைக்கு நூற்றைம்பது ரூபாய், வசூல் என் பொறுப்பு. ஒருத்தன் மட்டும், "அன்னைக்கு வீட்ல விசேஷம்டா" என்றான். பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பாட்டும் கூத்தும்தான். அதற்கப்புறம் அவன் எங்கள் பெஞ்சில் உட்காரவில்லை. அடுத்த சினிமாவுக்கு நாங்கள் அவனைக் கூப்பிடவும் இல்லை. வீட்டில் விசேஷமே கிடையாது என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. டூர் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் ஒப்படைத்து, சாரிடம் சபாஷ் வாங்கியவன் நான்!

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "கட்டாயம் எது, விருப்பம் எது, கௌரவத்துக்கு எதுன்னு மூணு பத்தியா பிரிச்சு எழுது கண்ணு. கட்டாயம் மட்டும் உன் கைக்கு எட்டினா சேரு. மத்ததுக்கு வரலைன்னா பரவாயில்லையான்னு முதல்லயே கேட்டுரு. சாக்குச் சொல்லாத."

கட்டாயம் என்று வந்தது 650 ரூபாய்தான். நேற்று மறுபடி பேசினாள்.

"கேட்டேனுங்க மாமா. சேலை, டூர் எதுவும் கட்டாயமில்லைன்னு அக்கா சொல்லிட்டாங்க. சேர்ந்துட்டேன்."

"வெக்கமா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. ஆனா நான் கேட்டதுக்கப்புறம் இன்னும் ரெண்டு பேரு, 'அப்ப நாங்களும் சேர்றோம்'னு வந்துட்டாங்க."

நீங்கள் ஆபீஸில் டூருக்கோ, பிரிவு உபசார விருந்துக்கோ நோட்டோடு வசூலுக்குக் கிளம்பும்போது, "வீட்ல விசேஷம்" என்று யாராவது சொன்னால், அடுத்த பெயருக்கு உடனே போய்விடாதீர்கள்.