காமிராவுக்கு ஒரு கால்

சிங்கப்பூரில் எங்கள் வீடு சாங்கிக் கடற்கரைக்குப் பக்கம். ஞாயிறு விடிந்தால் போதும், என் மகன் நண்பனின் கயாக்கை வாங்கிக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவான். கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு. அவன் திரும்பும்வரை அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே எனக்கு நினைவிருக்காது.

ஒருநாள், "அம்மா, மீன் பிடிக்கிறதைப் படம் எடுக்கணும். காமிராவை நிறுத்த ஸ்டாண்டு வேணும். படகிலே துளை போட்டா நண்பன் கோவிச்சுப்பான்" என்றான். "நாமே செஞ்சுடலாம்டா" என்றேன்.

இருக்கைக்குப் பின்னால் தூண்டில் கம்பைச் செருகும் குழிகள் உண்டு. எங்களுக்கு ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய் பொருந்தியது. நீங்கள் கடைக்குப் போகுமுன் குழியை அளந்துகொள்ளுங்கள். இரண்டடி நீளம் போதும். உயரம் கூடினால் ஆடும்.

குழாயின் மேல்மூடி நடுவில் துளையிட்டு, கால் அங்குலத் துருப்பிடிக்காத போல்ட்டை உள்ளிருந்து செருகி, ரப்பர் வாஷர் போட்டு நட்டால் முடுக்கினோம். பெரும்பாலான காமிரா ஸ்டாண்டுகளுக்கு அந்த அளவு மரைதான். அடிப்பக்கம் மூடி போட்டால் குழிக்குள் நுழையவில்லை. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி அடைத்து, சிலிக்கன் பசை பூசினேன். ஆடாமலிருக்க சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினோம்.

தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டுமே! காமிரா எடைக்குப் புளியை நிறுத்து, பையில் கட்டி, குழாய் நுனியில் தொங்கவிட்டு, பெரிய தொட்டியில் போட்டுப் பார்த்தோம். மிதந்தது. ஆனாலும் குழாயைப் படகோடு ஒரு நைலான் கயிற்றால் கட்டினோம். அவன் வலக்கையால் தூண்டில் வீசுவதால் இடப்பக்கக் குழியில் வைத்தான்.

அடுத்த ஞாயிறு மாலை எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தோம். கொடுவா மீன் துள்ளியபோது இவர் கைதட்டினார். எனக்குக் கண் வேறெங்கோ போயிற்று. பாதிப் படத்தில் மகன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் போட்டிருந்தான்!

"வெயில் தாங்கலேம்மா."

"காமிரா விழுந்தா மிதக்கணும்னு ஒரு மாலை முழுக்கப் பாடுபட்டோம். நீ விழுந்தா?"

அவன் பதில் பேசவில்லை. அந்த வாரமே, கை வீச இடம் விட்டு, முதுகின் கீழ்ப்பாதி வலைத்துணியாக இருக்கும் கயாக் ஜாக்கெட் ஒன்று வாங்கி வந்தான். புழுக்கம் குறைவு என்கிறான்.

படகிலிருந்து வந்ததும் ஸ்டாண்டை நல்ல தண்ணீரில் அலசி வைப்பது என் வேலை. வாராவாரம் படமும் பார்க்கிறேன். முதலில் ஜாக்கெட், மீனெல்லாம் அப்புறம்தான்.