அமானிதம்

உம்மம்மாவின் வீட்டில் ஒரு பெரிய வானொலிப் பெட்டி இருந்தது. புதன்கிழமை இரவு எட்டு மணியானால் என் சாச்சி அதன் முன்னால் போய்க் குந்திவிடுவார். 'பினாக்கா கீத்மாலா' தொடங்கும் நேரம் அது. 1952 டிசம்பரில் ஆரம்பமான நிகழ்ச்சி. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த நாட்களில், அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்த நாடாக்கள் கொழும்புக்கு வந்து, இலங்கை வானொலியிலிருந்து இந்தியாவுக்கே திரும்பிப் போயின. இந்தியா கேட்டதை நாங்களும் கேட்டோம். சாச்சிக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் பாட்டு எந்தப் படத்தில் வருகிறது, திரையில் வாயசைத்தவர் யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "இது மீனா குமாரிட பாட்டு" என்று அவர் சொல்லிவிட்டால் நாங்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது.

சாச்சி மௌத்தாகி மூன்று வருடமாகிறது. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பின், அவருடைய அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது சாரிகளுக்கு அடியில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடைத்தது. உள்ளே நாற்பத்தொரு கவிதைகள். அவர் எழுதுவார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் எழுதுகிறவள் என்பதால் கொப்பி என் கைக்கு வந்தது. அதை என்ன செய்வதென்று யோசிக்கும் போதெல்லாம் எனக்கு மீனா குமாரியின் ஞாபகம்தான் வருகிறது. பாட்டுக்காக அல்ல. அவரும் கொப்பிகளை விட்டுப் போனவர் என்பதற்காக.

அவர் 1933 ஆகஸ்ட் 1 இல் பம்பாயில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மஹ்ஜபீன் பானு. மஹ்ஜபீன் என்றால் நிலவு போன்ற நெற்றியுடையவள். தகப்பன் அலி பக்ஸ் பார்ஸி நாடகக் கம்பனிகளில் ஹார்மோனியம் வாசித்தவர். பிறந்தது இன்னொரு பெண் என்று கண்டு, வறுமை தாங்காமல் பிள்ளையை அநாதை இல்லத்து வாசலில் விட்டுவிட்டு, மனம் கேட்காமல் திரும்பிப் போய் எடுத்து வந்தார் என்றொரு கதை உண்டு. அவரைப் பற்றி எழுதுகிற அனைவரும் அதை எழுதுகிறார்கள். கதை எப்படியோ, அந்தப் பிள்ளைதான் பின்னால் அந்த வீட்டைச் சுமந்தது. விஜய் பட்டின் 'லெதர்பேஸ்' 1939 இல் வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் ஸ்டூடியோவுக்குப் போனார். அடுத்த வருடம் 'பேபி மீனா' ஆனார். மஹ்ஜபீன் என்ற பெயர் வீட்டோடு நின்று போனது.

அதே விஜய் பட் 1952 இல் எடுத்த 'பைஜு பாவ்ரா'தான் அவரைக் கதாநாயகியாக நிலைநிறுத்தியது. நௌஷாத் இசை, ஷகீல் பதாயூனி வரிகள், முஹம்மத் றபியின் குரல். 1954 இல் பிலிம்பேர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, சிறந்த நடிகைக்கான விருது இந்தப் படத்துக்காக அவருக்கே கிடைத்தது. அதன் பின் 'பரிணீதா', 'சாஹிப் பீபி ஒளர் குலாம்', 'காஜல்' என்று இன்னும் மூன்று முறை பெற்றார். 1963 இல் நடந்த விழாவில் சிறந்த நடிகைக்குப் பரிந்துரைக்கப்பட்ட மூன்று படங்களுமே அவருடையவை. அவற்றில் ஒன்று 'மேன் சுப் ரஹூங்கி'. பீம்சிங் இயக்கத்தில் ஏ.வி.எம். எடுத்தது, நம்மவர்கள் பார்த்து அழுத 'களத்தூர் கண்ணம்மா'வின் ஹிந்தி வடிவம். தமிழில் சாவித்திரி அழுத இடத்தில் அங்கே மீனா குமாரி அழுதார்.

அழுகை மட்டும்தான் அவருக்கு வரும் என்று நினைத்துவிடக் கூடாது. 'மலைக்கள்ளன்' கதையை ஸ்ரீராமுலு நாயுடு 1955 இல் 'ஆஸாத்' என்று ஹிந்தியில் எடுத்தபோதும், பின்னர் 1960 இல் 'கோஹினூர்' படத்திலும், திலீப் குமாருக்கு ஈடுகொடுத்துக் குறும்பு செய்தவர் அவர். ஆனால் சனங்களுக்கு அவருடைய கண்ணீரே வேண்டியிருந்தது. துயரத்தின் அரசி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். கட்டிய பிறகு கழற்ற விடவில்லை.

வாழ்க்கையும் அந்தப் பட்டத்துக்கு ஒத்துழைத்தது. 1951 இல் நடந்த கார் விபத்தில் இடது கையின் சிறுவிரல் சிதைந்தது. அதற்குப் பிறகு வந்த படங்களில் அந்தக் கையைத் துப்பட்டாவிலும் சேலைத் தலைப்பிலும் மறைத்தே நடித்தார். பார்ப்பவருக்கு அது ஓர் ஒயிலாகத் தெரிந்தது. 1952 பெப்ரவரியில், ஏற்கெனவே மனைவி மக்கள் உள்ள இயக்குநர் கமால் அம்ரோஹியை வீட்டுக்குத் தெரியாமல் நிக்காஹ் செய்தார். 1964 இல் அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். அப்போது இருவரும் சேர்ந்து தொடங்கிய 'பாகீஸா' பாதியில் நின்றது. அந்தச் சொல்லுக்குத் தூய்மையானவள் என்று பொருள்; கதையோ ஒரு தவாயிஃபுடையது. 1969 இல் படப்பிடிப்பு மீண்டும் தொடங்கியபோது ஒளிப்பதிவாளர் ஜோசப் வேர்ஷிங்கும் இசையமைப்பாளர் குலாம் முஹம்மதும் உயிரோடில்லை. மது மீனா குமாரியின் ஈரலைக் கெடுத்திருந்தது. ஆடுவதற்கு உடம்பில் சக்தி இல்லாததால் சில ஆட்டக் காட்சிகளில் இன்னொருவர் ஆடினார். பிரிந்து போன கணவனின் படத்தை அவர் வந்து முடித்துக் கொடுத்தார்.

'பாகீஸா' 1972 பெப்ரவரி 4 இல் திரைக்கு வந்தது. மார்ச் 31 இல் அவர் மௌத்தானார். வயது முப்பத்தெட்டு. அதற்குப் பிறகுதான் தியேட்டர்களில் கூட்டம் அலைமோதியது. சனங்கள் படம் பார்க்கப் போனார்களா, மையித்துப் பார்க்கப் போனார்களா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். எண்பதுகளில் எங்கள் குடும்பத்துக் கலியாண வீடொன்றுக்கு வாடகைக்கு எடுத்து வந்த டெக்கில் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எல்லோரும் அழுதார்கள். பக்கத்தில் இருந்த சாச்சி அழவில்லை. "சரியான களப்பு அந்தப் புள்ளக்கி" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் களைத்த பெண் இரவுகளில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பின்னரே தெரிய வந்தது. அவர் உருதுவில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். புனைபெயர் நாஸ். செருக்கு, செல்லம் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல். 1971 இல் கையாம் இசையமைக்க, தன் கவிதைகளைத் தானே சொல்லி ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். மற்றவர்கள் எழுதிய வசனத்தைப் பேசி, மற்றவர்கள் பாடிய பாட்டுக்கு வாயசைத்துத் தன் வாழ்நாளைக் கழித்த ஒருவர், தன் சொல்லைத் தன் குரலில் சொன்னது அதில்தான். கொப்பிகளைத் தகப்பன் வழிக்கோ கணவன் வழிக்கோ விடவில்லை. குல்சாருக்கு என்று விட்டுப் போனார். குல்சார் இயக்கிய முதல் படமான 'மேரே அப்னே'யில் 1971 இல் முதிய பெண்ணாக நடித்துக் கொடுத்தவர் அவர். குல்சாரும் கவிஞர். அந்தக் கவிதைகளைத் தொகுத்து 'தன்ஹா சாந்த்' என்ற பெயரில் வெளியிட்டார். தனித்த நிலவு என்று பொருள். மஹ்ஜபீனுக்கு அவளுடைய நிலவு திரும்பக் கிடைத்தது.

பணம், வீடு, பெயர் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள விட்டவர், இந்த ஒன்றை மட்டும் யார் கையில் கொடுப்பது என்று யோசித்துக் கொடுத்திருக்கிறார். இதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம். அமானிதம் என்பது பூட்டி வைப்பதல்ல; உரியவரிடம் சேர்ப்பது.

என் சாச்சி ஒருவருக்கும் எழுதி வைக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவர். பதினேழில் கலியாணம். சாச்சா கொழும்பில் யாவாரம் செய்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வருவார், சில வேளை வரமாட்டார். கொப்பியில் பாதிக் கவிதைகள் அந்த வராத நாட்களைப் பற்றியவை. அச்சில் போடலாமா என்று அவருடைய மகனிடம் கேட்டேன். "வாணாம் ராத்தா. வாப்பா இன்னம் ஹயாத்தோட இரிக்கிறார். உம்மாட கவலய ஊரு வாசிக்கத் தேவல்ல" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மீனா குமாரியின் கவலையை ஊர் எப்படி வாசித்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் மூன்று வருடமாகக் கொப்பி என் அலுமாரியில் கிடந்தது. சாச்சியின் அலுமாரியிலிருந்து என் அலுமாரிக்கு மாறியதைத் தவிர அதற்கு வேறொன்றும் நடக்கவில்லை.

போன மாதம் அதை மீண்டும் எடுத்தேன். முதல் பக்கத்தில் கவிதை எதுவும் இல்லாததால் அதை நான் கவனிக்காமலே புரட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டு வெட்டப்பட்டிருந்தன. மூன்றாவதன் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்திருந்தார். புனைபெயர் தேடியிருக்கிறார். யாரும் வாசிக்க வேண்டாம் என்று நினைக்கிறவர் எதற்காகப் புனைபெயர் தேடுகிறார்?

'தன்ஹா சாந்த்' வந்தபோது கமால் அம்ரோஹி உயிரோடுதான் இருந்தார். 1993 வரை இருந்தார். பின்னர் பம்பாய் ரஹ்மத்தாபாத் மையவாடியில் மீனா குமாரியின் கபுறுக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கினார்கள். அந்தக் கவிதைகளை அவர் எப்படி வாசித்தார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சாச்சாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போய் அவருக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். ஊருக்கு முன்னால், காத்திருக்க வைத்தவர் கேட்கட்டும். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. அதுவரை அந்த மூன்றாவது பெயரையும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.